அருளப்பனி

ஜூன் 9

இல்லை, அதனால் இல்லை. எட்டுக்காலி பிடிக்கும் என்று யாரும் சிலந்தி ஆராய்ச்சிக்கு வருவதில்லை. அந்த இடம் காலியாக இருந்தது. எறும்புகளை ஆய்வகத் தோழி ஹமீதா எடுத்துக்கொண்டுவிட்டாள். எனக்கு உடனே, வீட்டிலிருந்து தள்ளி, ஏதாவது ஓர் ஊரில் விடுதி அறை வேண்டியிருந்தது. பிடித்துப்போனது பிறகு.

காலையில் பேச்சிப்பாறை ரப்பர்த் தோட்டம். பட்டை இடுக்கில் ஒரு பட்டுப் பை. உள்ளே முட்டைகள். மேலே காவலுக்குத் தாய், காய்ந்த எலுமிச்சைத் தோலின் நிறத்தில். பையைக் கலைக்காமல் பட்டையோடு பெயர்த்து டப்பாவில் வைத்தேன். பாளையங்கோட்டை வரை பேருந்தில் மடியிலேயே இருந்தது. பக்கத்து இருக்கைப் பெண் கேட்டார்: "பலகாரமாம்மா?"

ஆமாம் என்றேன்.

ஜூன் 11

நுண்ணோக்கியில் உறுதி செய்தேன். பாலிடா. லத்தீனில் 'வெளிறியது'. நூறு வருடங்களுக்கு மேல் ஆகிறது. யாரோ ஒரு வனத்துறை அதிகாரி ஒரே ஒரு பெண் சிலந்தியைப் பிடித்து, வரைந்து, பெயர் வைத்துவிட்டுப் போனார். அதன் ஆணை இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

எப்படி உறுதி செய்வது? ஒரு கேள்வி வரிசை உண்டு. அதை நாங்கள் சாவி என்கிறோம். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே பதில். முன்கண்கள் பெரியவையா? ஆம் என்றால் இந்தப் பக்கம், இல்லை என்றால் அந்தப் பக்கம். இப்படி ஒவ்வொரு கவையாகத் திரும்பித் திரும்பிக் கடைசியில் ஒரு பெயரின் வாசலில் போய் நிற்போம்.

இந்தப் பேரினத்தின் சாவியை எழுதியது நான்தான். சென்ற ஆண்டுக் கட்டுரையின் கடைசிப் பக்கம். முதல் கேள்வி: உடல் கருமையா, வெளிர் நிறமா? வெளிர் என்றால் பாலிடா இருக்கும் கிளை. கருமை என்றால் அருளப்பனி இருக்கும் கிளை.

அருளப்பனி நான் கண்டுபிடித்த இனம். ஆண் மட்டும்தான் கிடைத்தது. பெண் கிடைக்கவில்லை.

ஜூன் 24

குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. கடுகை விடச் சிறியவை. ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று தின்னும். ஆளுக்கொரு பெட்டி, ஈரப் பஞ்சு, பழ ஈ. பாலிடாவின் வாழ்க்கையை முட்டையிலிருந்து எழுதப்போகிறேன். ஆய்வேட்டின் நான்காம் இயல்.

குஞ்சைப் பார்த்து இனம் சொல்ல முடியாது. கடைசித் தோலை உரித்த பிறகுதான் இனத்தைக் காட்டும் உறுப்புகள் முழுதாகும். அதுவரை எங்கள் அட்டவணைகளில் அவற்றுக்கு இடமில்லை. 'முதிராதது, அடையாளம் காண இயலாது' என்று எழுதி வைப்போம். இந்த வாக்கியம் எனக்கு ஏனோ பிடிக்கும்.

ஜூலை 3

அப்பா அழைத்தார். பின்னணியில் தக்கலை பேக்கரியின் மாலைக் கூட்டம்.

"மக்ளே, ஒரு சந்தேகம். இங்க ஒருத்தன் சண்டைக்கு வாறான். எட்டுக்காலிக்கு எத்தனை கண்ணு?"

"நம்மளோடதுக்கு எட்டு."

"கேட்டீரா வே? எட்டு. எம்மவ வாயால கேளும்." அழைப்பு துண்டானது.

கல்லாவுக்கு மேலே அந்தப் படம் தொங்குகிறது. அருளப்பனியின் முகம், ஜன்னல் அளவுக்குப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு. கீழே தங்க நிறத்தில் பெயர். பப்ஸ் வாங்க வருகிறவர்கள் தலை நிமிர்ந்தால் எட்டுக் கண்கள். தின்பண்டக் கடையில் பூச்சிப் படமா என்று ஓர் அதிகாரி கேட்டாராம். "பூச்சியில்ல சார். பூச்சிக்கு ஆறு காலு. இது வேற வகுப்பு" என்றாராம் அப்பா.

அருளப்பன் என்பது அப்பாவின் பெயர். ஆணின் பெயரை இனத்துக்கு வைத்தால் கடைசியில் 'இ' சேர்ப்பது மரபு.

கட்டுரை வெளியான அன்று அம்மாதான் அவரிடம் காட்டியிருக்கிறாள். சாயங்காலம் அவரே அழைத்தார். முதல் வாக்கியம்: "மக்ளே, அது கடிக்குமா?"

அதற்கு முன் எவ்வளவு காலம் என்னோடு பேசாமல் இருந்தார் என்பது இங்கே வேண்டாம்.

ஜூலை 20

தாய் இறந்துவிட்டது. சாராயக் குப்பியில் போட்டு, பெயர்ச்சீட்டு எழுதினேன். பாலிடா, பெண், பேச்சிப்பாறை.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

திருநாளுக்காக வீட்டில். காலையில் அப்பாவுக்குக் கடையில் அடுக்கிக் கொடுத்தேன்.

அப்பாவின் அலமாரி: முட்டை சேர்த்தவை, சேர்க்காதவை. வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கோடு தாண்டக் கூடாது. பலகாரம் போடும் மாஸ்டருக்கு வேறு கோடு: இன்றே போக வேண்டியவை, நாளையும் நிற்பவை. அம்மாவுக்கு: எறும்பு வருபவை, வராதவை. ஒரே தேங்காய் பன் மூன்று பேரிடமும் மூன்று வெவ்வேறு உறவினர்களோடு இருக்கிறது.

இதில் எது சரியான பிரிவு? மூன்றும் பயன்படும். எங்கள் துறையில் மட்டும் நாலாவதாக ஒன்றைக் கேட்கிறோம்: எது எந்த மாவிலிருந்து வந்தது? யார் யாருக்குப் பிறந்தது? நிறமும் வடிவமும் அதற்கான தடயங்கள். தடயம்தான், பதில் அல்ல. வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது.

பத்து மணிப் பூசையில் ஓலை வாசித்தார்கள். கல்யாணம் ஆகப்போகிறவர்களின் பெயர்களை மூன்று ஞாயிறு கோவிலில் வாசிப்பது எங்கள் வழக்கம். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டும். ஆண்கள் பக்கம், முன் பெஞ்சில் அப்பா. பெயர்கள் வரத் தொடங்கியதும் அம்மா என் கையைத் தொட்டாள், உடனே எடுத்துக்கொண்டாள்.

எனக்கு இரண்டு ஞாயிறு வாசித்தார்கள். தடை சொன்னது நான்.

செப்டம்பர் 5

ஒரு பெட்டியில் மாற்றம். வாயருகே இருக்கும் இரண்டு சிறு கைகளின் நுனி வீங்கியிருக்கிறது, குத்துச்சண்டைக்காரனின் கையுறை போல. அப்படியென்றால் ஆண். இன்னும் ஒரு தோல்தான் பாக்கி. அதை உரித்துவிட்டால், உலகத்தில் யாரும் பார்த்திராத பாலிடாவின் ஆண்.

ஹமீதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நூறு வருஷமா மாப்பிள்ளை கிடைக்கலியாட்டி இவளுக்கு?"

"கிடைச்சிருப்பான். நாமதான் பார்க்கல."

"முகூர்த்தம் எப்ப?"

"அடுத்த மாசம்."

"பிரியாணி உண்டுன்னா வாரேன்."

செப்டம்பர் 8

இன்னொரு பெட்டியிலும் ஓர் ஆண். சிறியவன். தாமதமாக உரிப்பான்.

செப்டம்பர் 14

எப்படி இருப்பான் என்று வரைந்து பார்த்தேன். தாயைப் போல வெளிர் நிறம். கால்கள் கொஞ்சம் நீளம். நெற்றியில் ஏதாவது அலங்காரம். இந்தக் குடும்பத்து ஆண்கள் ஆடிக் காட்டிப் பெண் கேட்பவர்கள். ஓரங்களில் மஞ்சள் பூசினேன். அழகாகவே வந்தது.

அக்டோபர் 3

பெரியவன் பட்டுப் பை கட்டி உள்ளே போய்விட்டான். காத்திருப்பது தவிர வேறு வேலை இல்லை. உடைந்த பெட்டி மூடிகளை ஒட்டினேன். தலைக்குக் குளித்தேன். மறுபடி வந்து பார்த்தேன்.

அக்டோபர் 6

கறுப்பு.

அக்டோபர் 7

கறுப்பு. நெற்றியில் வெள்ளைப் பட்டை. முன்கால்களில் துரு நிறத் தூரிகை. அந்த முகத்தை நான் அளந்திருக்கிறேன், வரைந்திருக்கிறேன், ஜன்னல் அளவுக்குப் பெரிதாக்கியிருக்கிறேன்.

"பெட்டி மாறியிருக்கும்" என்றாள் ஹமீதா.

"இருக்கும்."

"நீ பெட்டி மாத்துற ஆளா?"

இந்த வருடம் அருளப்பனி ஒன்றைக்கூட நான் ஆய்வகத்துக்குக் கொண்டுவரவில்லை. மாறுவதற்கு இன்னொன்று இருந்திருக்க வேண்டும்.

அக்டோபர் 8

விதி எளிது. ஒரே இனத்துக்கு இரண்டு பேர் இரண்டு பெயர் வைத்துவிட்டால், முதலில் வைத்ததே நிற்கும். பிந்தியது அதன் கீழே, சிறிய எழுத்தில், செல்லாத பெயராகப் போய் உட்காரும்.

ஆணும் பெண்ணும் ஒரே மரத்தில்தான் இருந்திருக்கிறார்கள். என் சாவியின் முதல் கேள்வியிலேயே ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனை கேள்வி கேட்டாலும் அவை சந்திக்க முடியாது.

ஒரு மாதிரியை வைத்து எதுவும் சொல்லக்கூடாது. இரண்டாவது பெட்டி இருக்கிறது.

அக்டோபர் 10

அப்பா அழைத்தார். குரலே வேறாக இருந்தது.

"மக்ளே, சாமியாரு கடைக்கே வந்தாரு. படத்த நிண்ணு பாத்தாரு. வாற இருபத்தஞ்சாம் தேதி ஞாயிறு பூசையில நம்ம பேரு வாசிக்காராம். உம்பேரும் எம்பேரும். நம்ம பங்குல ஒரு பிள்ளை கண்டுபிடிச்சான்னு. சால்வையும் உண்டுன்னு கேள்வி."

"சால்வை எட்டுக்காலிக்கா?"

"போ பிள்ளே." சிரித்தார். பிறகு: "நீ வரணும், கேட்டியா. முன்னால இருக்கணும்."

வருவேன் என்றேன்.

அக்டோபர் 13

நூலகம். பாலிடாவின் அசல் வரைபடத்தை மறுபடி பார்த்தேன். நேர்த்தியான கோடுகள். வரைந்தவருக்கு அவசரமில்லை போலிருக்கிறது.

ஆய்வகத்துக்குப் போக நேரமில்லை.

அக்டோபர் 14

இன்றும் போகவில்லை. விடுதியில் துணி துவைத்தேன். மழை வந்தது, மறுபடி அலசினேன்.

அக்டோபர் 16

தலைவலி. தோலுரிக்கும் காலம் நெருங்கினால் அவை சாப்பிடாது. தண்ணீரும் அதிகம் தேவைப்படாது. எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. பல பெட்டிகளில் பல காரணங்களால் இறக்கின்றன. இவற்றில் பாதிக்கு மேல் ஏற்கெனவே போய்விட்டன. நான்காம் இயலில் இறப்பு விகிதம் என்று ஒரு பகுதியே உண்டு.

அக்டோபர் 17

ஹமீதா விடுதிக்கே வந்துவிட்டாள். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"செவ்வாக்கிழமையே சின்னவன் பெட்டியில பஞ்சு கல்லு மாதிரிக் காஞ்சு கெடந்துச்சு."

"மறந்துட்டேன்."

"மத்த பெட்டி எல்லாத்துலயும் ஒழுங்கா நனைச்சு வச்சிருந்தே. அது ஒண்ண மட்டும் மறந்தியாக்கும்."

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைலேருந்து நான்தான் தண்ணி வைக்கிறேன், ஈயும் போடுறேன். எறும்புக்காரிக்கு எட்டுக்காலி வளர்க்கத் தெரியாதுன்னு நெனச்சியோ?" கட்டிலில் உட்கார்ந்தாள். "ஏட்டி டெல்பின், அவன் செத்தா யாரும் உன்னைக் கேக்கப்போறதில்ல. உன் கைடு மேடமும் டிசம்பர்லதான் வாராங்க. நானும் சொல்ல மாட்டேன். ஆனா மூத்தவனை என்ன செய்வே? தினம் அவன் மூஞ்சியில முழிக்கணுமே."

பிறகு அவளும் நானும் ஆய்வகத்துக்குப் போனோம். ஈக்களுக்கு வாழைப்பழம் மாற்றினேன். சின்னவன் பட்டுப் பை கட்டத் தொடங்கியிருந்தான்.

அக்டோபர் 22

விடிந்ததும் போனேன். பையின் வாயில் பழைய தோல் கிடந்தது, கண்களின் இடங்கள் கூடத் தெரிய, சுருக்கமில்லாமல். சின்னவன் மூடியின் அடியில் நின்று என்னைப் பார்த்தான். இந்தச் சிலந்திகள் பார்க்கும். உடலையே திருப்பிப் பார்க்கும்.

கறுப்பு. வெள்ளைப் பட்டை. துரு நிறம்.

விசித்திரம் என்னவென்றால், முதலில் வந்தது துக்கம் இல்லை. பாலிடாவின் ஆணைப் பார்க்கும் முதல் ஆள் நான் என்று தோன்றியது. இல்லை, முதல் ஆளாக நான் சென்ற ஆண்டே பார்த்துவிட்டேன். அது யார் என்று தெரியாமல் பார்த்தேன். வெளிறியதன் ஆண் ஏன் இவ்வளவு கறுப்பாக இருக்க வேண்டும்? பட்டை இடுக்கில் முட்டையோடு கிடப்பதற்கு வெளிர் நிறம் வசதி. ஆடிக் காட்டுவதற்குக் கறுப்பு வசதியோ? இதை யாரும் கேட்டதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அரைப் பக்கம் கேள்விகளாகவே எழுதினேன்.

பிறகுதான் ஞாயிறு ஞாபகம் வந்தது.

அக்டோபர் 24, சனி

தக்கலை. பையில் இரண்டு குப்பிகள். கடையில் சாயங்காலக் கூட்டம். அப்பா முட்டை பப்ஸ் பொதிந்துகொண்டிருந்தார்.

"என்ன மக்ளே, நாளைக்குத்தானே வாறேன்னே?"

"அப்பா, கொஞ்சம் உள்ள வாங்க."

முகம் மாறியது. "யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. எட்டுக்காலிக்குத்தான்."

பின்கட்டு, அடுப்பறை. மாஸ்டர் வெளியே பீடிக்குப் போயிருந்தார். மாவு மேசையில் ஒரு ஓரத்தைத் துடைத்து இரண்டு குப்பிகளையும் வைத்தேன். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இது நம்ம ஆளு" என்றார், கறுப்பைக் காட்டி. "உயிரோட கொண்டாந்திருக்கே! சாடுமா?"

"சாடும். மூடியத் திறந்தா குதிச்சு ஓடிரும்."

"இந்த வெளுத்தது?"

"அதோட அம்மா."

அப்பா நிமிர்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முட்டைப் பை, பெட்டிகள், ஒரு தாயின் இரண்டு பிள்ளைகளும் கறுப்பாக வந்தது, இந்தத் தாய்க்கு நூறு வருடம் முன்பே பெயர் இருப்பது. முடித்ததும் ஒரே கேள்வி.

"அப்ப எம்பேரு?"

"நிக்காதுப்பா. பழைய பேருதான் நிக்கும். கீழ சின்னதா, முன்னாடி இப்படியும் சொன்னாங்கன்னு எழுதுவாங்க."

"அந்தப் பழைய பேருக்கு என்ன அர்த்தம்?"

"வெளிறினது."

"இவனுக்கு?" குப்பியை விரலால் தட்டினார். "அடுப்புக்கரி மாதிரி இருக்கான். இவன் பேரு வெளிறினதா?"

"சட்டம் அப்படி."

"எந்த மண்டன் போட்ட சட்டம் அது?" கண்ணாடியைக் கழற்றிப் பனியனில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். "சாமியார்ட்ட சொல்லியாச்சா?"

"இல்ல."

"அம்மைக்குத் தெரியுமா?"

"தெரியாது. கூட வேலை பாக்குற பிள்ளைக்குத் தெரியும். அது போக, முதல்ல உங்ககிட்டதான்."

"உள்ளதா?"

"உள்ளதுதான், பொய்யில்ல."

அடுப்பின் பக்கம் திரும்பி நின்றார். அதனால் முகம் தெரியவில்லை.

"அண்ணைக்கு மூணாவது ஞாயிறு நான் முன் பெஞ்சில இருந்தேன். சாமியாரு வேற ரெண்டு ஓலை வாசிச்சாரு. அடுத்தது நம்மளோடது, அடுத்தது நம்மளோடதுன்னு இருக்கேன். மனுசன் தாள மடக்கிட்டாரு. பக்கத்துல இருந்தவன் எம்மூஞ்சியப் பாக்கான். நான் அல்தாரப் பாத்துட்டு இருக்கேன்." அடுப்புக் கதவைச் சாத்தினார். "நான் பேசாம இருந்தது கல்யாணம் நிண்ணதுக்கு இல்ல, மக்ளே."

"நான் சாமியார்ட்ட, அப்பாகிட்ட சொல்லியாச்சுன்னு பொய் சொல்லிட்டேன்."

"தெரியும். அவரு பொறவு எங்கிட்ட சொன்னாரு."

மாஸ்டர் திரும்பி வந்தார். குப்பிகளைப் பார்த்துவிட்டு, "இதென்ன அண்ணாச்சி, மாவு மேசையில" என்று கத்தினார். அப்பா இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார்.

ஒரு சின்னப் பெண் பன் வாங்க வந்திருந்தாள். தலை நிமிர்ந்து படத்தைக் காட்டினாள்.

"அது என்ன தாத்தா?"

"எட்டுக்காலி. ஆணு."

"பொண்ணு எங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். "இவளுக்கும் போட்டோ இருக்கா? இதே அளவுல வருமா?"

"வரும்."

"கீழ எழுதியிருக்கத மாத்தணும்" என்றார். "ஆணி ரெண்டு அடிச்சாப் போரும்."

அக்டோபர் 25, ஞாயிறு

காலையில் அப்பா குளித்து, வேட்டி கட்டி, எனக்கு முன்னாலேயே சாமியாரைப் பார்க்கப் போய்விட்டார். அம்மாவுக்கு நான் சொன்னேன். "அப்ப அடுத்ததுக்கு எம்பேரு வை. ஆனா நல்லாப் பாத்து வை" என்றாள்.

பூசை. ஓலை வாசித்தார்கள், இரண்டு ஜோடி. சாமியார் தாளை மடக்கினார்.

முன் பெஞ்சிலிருந்து அப்பா திரும்பி, பெண்கள் பக்கம் என்னைத் தேடிப் பார்த்தார். தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

அக்டோபர் 26

பாளையங்கோட்டை. எல்லாப் பெட்டிகளின் பஞ்சையும் நனைத்தேன். தாயின் படத்தைப் பெரிதாக்கி அச்சடிக்கக் கொடுத்தேன். பிறகு சென்ற ஆண்டுக் கட்டுரையை எடுத்து, சாவியின் முதல் கேள்வியைக் கோடிட்டு அடித்தேன்.